கதவில்லாக் காடு

பின்லாந்து என்னும் பெயரைக் கேட்டதும் தமிழன்பர் பலருக்கு நினைவில் எழுபவர் அறிஞர் அஸ்கோ பர்ப்போலா ஆவார். சிந்துவெளி எழுத்துகள் திராவிட மொழியொன்றைக் குறிப்பன என்னும் கருத்தை நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியவர். 2010ஆம் ஆண்டு கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் செம்மொழித் தமிழ் விருது பெற்றவர். அவர் பணியாற்றிய ஹெல்சிங்கி மாநகரைக் காணும் வாய்ப்பு எங்களுக்கு ஓர் ஆகஸ்டு மாத இறுதியில் கிட்டியது. நகரின் அழகிய துறைமுகத்தையும், வெண்ணிற மாதா கோயிலையும், நூலகங்களையும் பற்றி எழுதுவோர் பலர் உளர். அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, நகரை அடுத்துள்ள ஒரு காட்டில் நாங்கள் நடந்த ஒரு சிறு பாதையைப் பற்றி மட்டும் இங்கே கூற விரும்புகின்றோம். அப்பாதையின் நீளம் 2 கிலோமீட்டர்தான். ஆயினும் அந்நாட்டு மக்களின் உள்ளத்தை அறிவதற்கு அது போதுமானதாக இருந்தது.

காட்டை நோக்கி

பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. எஞ்சியதிலும் ஏரிகளுக்குக் குறைவில்லை. சிறியவும் பெரியவுமாக 1,87,000க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. மக்கள் தொகையோ 56 லட்சமே. ஆகவே காடு என்பது அங்கே தொலைவில் உள்ள பொருளன்று. தலைநகரில் வாழ்பவர்கூடக் காலையில் காபி அருந்திவிட்டுக் கிளம்பினால் நண்பகலுக்கு முன் காட்டின் நடுவே நிற்கலாம்.

நாங்களும் அவ்வாறே கிளம்பினோம். ஹெல்சிங்கி மத்திய ரயில் நிலையத்திலிருந்து எஸ்போ என்னும் ஊர்வரை மின்சார ரயில். அங்கிருந்து 245ஆம் எண் பேருந்து. ஒரே பயணச் சீட்டு இரண்டிற்கும் செல்லும். பேருந்தில் எங்களோடு வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள், கூடை ஏந்திய மூதாட்டியர், முதுகில் பை சுமந்த இளைஞர் ஆகியோர். எல்லாரும் காலில் ரப்பர் பூட்ஸ் அணிந்திருந்தனர். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. பின்லாந்து மக்கள் மிதமாகப் பேசுபவர்கள் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். அது உண்மையென்று அப்பேருந்திலேயே தெரிந்துகொண்டோம். எங்களுடன் வந்த 68 வயதான அத்தைக்கு அந்த அமைதி முதலில் அச்சத்தைத் தந்தது. "ஏதேனும் துக்கம் நேர்ந்திருக்குமோ?" என்று எங்கள் காதில் மெல்லக் கேட்டார்.

பேருந்திலிருந்து இறங்கி, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் மண்சாலையில் நடந்தால் ஹௌக்கலம்பி என்னும் குளக்கரையை அடையலாம். அதுவே நூக்சியோ தேசியப் பூங்காவின் முக்கிய வாயில். வாயில் என்று வழக்கம்பற்றிச் சொல்கின்றோமே தவிர, அங்கே வாயிலும் இல்லை, கதவும் இல்லை. கட்டணச் சீட்டு விற்போரும் இல்லை. சீட்டைக் கிழிப்போரும் இல்லை. வழிகாட்டும் படப்பலகை ஒன்றும், விறகுக் கொட்டகை ஒன்றும், கழிப்பிடமும் இருந்தன. அந்நாட்டின் 41 தேசியப் பூங்காக்களில் எதிலும் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

நூக்சியோ பூங்கா 1994ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. பரப்பு 50 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மலைகள் இல்லை, மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 110 மீட்டரே. பனியூழியில் நாட்டையே மூடியிருந்த பனிப்பாளம் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருகி விலகியபோது, பாறைகளை இழைத்து வழுவழுப்பாக்கிவிட்டுச் சென்றது. மேட்டில் வழுக்குப் பாறை, பள்ளத்தில் நீர், இடையில் காடு. இதுவே அந்நிலத்தின் அமைப்பு.

பெயர்களின் இனிமை

படப்பலகையில் மூன்று சுற்றுவழிகள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று புனரின்னன்கியெர்ரோஸ்; ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மற்றொன்று ஹௌக்கன்கியெர்ரோஸ், ஏறத்தாழ 4 கிலோமீட்டர். மூன்றாவது கொர்ப்பின்கியெர்ரோஸ், ஏறத்தாழ 7 கிலோமீட்டர். வாயில் நுழையாத பெயர்கள் என்று அன்பர்கள் அஞ்ச வேண்டா. கியெர்ரோஸ் என்றால் சுற்று. புனரிந்தா என்றால் செம்மார்புச் சிட்டு. ஹௌக்கா என்றால் பருந்து. கொர்ப்பி என்றால் அண்டங்காக்கை. ஆக, சிட்டின் சுற்று, பருந்தின் சுற்று, காக்கையின் சுற்று. சிறு பறவைக்குச் சிறு பாதை. பெரும் பறவைக்குப் பெரும் பாதை! ஹௌக்கலம்பி என்பதும் பருந்துக் குளம் என்றே பொருள்படும்.

பின்னிஷ் மொழியைக் கற்பதற்கு அரிய மொழி என்று ஐரோப்பியர் கூறுவர். தமிழர்க்கு அது அத்துணை அச்சம் தாராது. நாம் காடு, காட்டில், காட்டிலிருந்து என்று உருபுகளைச் சேர்த்துக்கொண்டே போவதுபோல, அவர்கள் மெத்ஸா, மெத்ஸாஸ்ஸா, மெத்ஸாஸ்தா என்பர். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்குப் பதினைந்து! கால்டுவெல் பெருமகனார் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தமைக்கு இத்தகைய ஒற்றுமைகளே காரணம். இன்றைய மொழிநூலார் அவ்விரண்டையும் ஒரு குடும்பம் என்று ஏற்பதில்லை. எனினும் காட்டின் நடுவே நம் இலக்கணத்தின் சாயலைக் கண்டதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாயிற்று.

அத்தையின் முழங்காலைக் கருதிச் சிட்டின் சுற்றையே தேர்ந்துகொண்டோம்.

மரங்களின் கீழ்

பாதை தொடங்கியதும் ஸ்ப்ரூஸ் மரங்களின் நிழல். கூம்பு வடிவில் நெடிது உயர்ந்து, கிளைகளைத் தரைவரை தாழ்த்தி நிற்கும் மரங்கள் அவை. பாறை மேடுகளில் செந்நிறப் பட்டை கொண்ட பைன் மரங்கள். ஈரமான இடங்களில் வெள்ளைத் தண்டுடைய பிர்ச் மரங்கள். தரை முழுதும் பாசி. கம்பளம் விரித்தாற்போலன்று, மெத்தை விரித்தாற்போல அத்தனைக் கனம். பழைய மரங்களின் கிளைகளில் சாம்பல் நிறத்தில் தாடிபோல் ஏதோ தொங்கக் கண்டோம். செட்டிநாட்டுச் சமையலில் மணத்திற்குச் சேர்க்கும் கல்பாசியின் இனத்தைச் சேர்ந்ததே அது. தூய காற்று உள்ள இடத்தில்தான் அது நன்கு வளரும் என்பர். காற்று கெட்டால் முதலில் மறைவது அத்தாடிதான்.

இப்பூங்காவின் சின்னம் பறக்கும் அணில். அதன் மேனி சாம்பல் நிறம். கண்கள் கரியவை, பெரியவை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள தோலை விரித்து, மரத்திற்கு மரம் பல மீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும். இரவில் திரிவதாகையால் பகலில் நடப்போர் அதைக் காண்பது அரிது. ஆயினும் அது வாழும் மரத்தைக் கண்டுகொள்ள வழியுண்டு. ஆஸ்பென் மரத்தின் அடியில் அரிசிமணிபோல் மஞ்சள் நிறப் புழுக்கைகள் கிடக்குமாம். அதை அறிந்த எங்கள் சிறுவர்கள் மரந்தோறும் குனிந்து தேடியதால் நடை சற்றுத் தாமதமாயிற்று.

சிறிது தொலைவில் முஸ்தலம்பி என்னும் குளம். கருங்குளம் என்பது அதன் பொருள். பெயருக்கேற்பத் தேயிலை வடிநீர் போன்ற கருமை. கையில் அள்ளினால் வெளிர் பழுப்பு. அழுக்கன்று, சதுப்பு நிலத்திலிருந்து ஊறிவரும் நீருக்கு இயல்பாக அமைந்த நிறம். அதன் மீது பாசித்திட்டுகள் தெப்பம்போல் மிதந்துகொண்டிருந்தன.

சதுப்பின் மீது இரண்டு பலகை

காட்டின் தாழ்ந்த பகுதிகளில் தரை மறைந்து சதுப்பு தொடங்கிவிடும். அங்கே நெடுக்கு வாட்டில் இரண்டிரண்டாகப் பலகைகளை அடுக்கிப் பாதை அமைத்திருக்கின்றனர். இருவர் ஒருங்கே நடக்க இயலாது. எதிரே ஒருவர் வந்தால், ஒருவர் ஒதுங்கி நின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். அங்ஙனம் விடும்போது ஒரு தலையசைப்பு, அதற்குமேல் பேச்சில்லை.

ஏன் இத்தனைக் கட்டுப்பாடு என்று வியப்போர்க்குச் சதுப்பின் கதையைச் சொல்ல வேண்டும். பனி விலகியபின் பள்ளங்களில் நீர் தேங்கியது. அந்நீரில் ஸ்பாக்னம் என்னும் பாசி குடியேறியது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பாசி அது. பஞ்சைப்போல் பிழிந்தால் நீர் வடியும். அது தன்னைச் சூழ்ந்த நீரைப் புளிப்பாக்கிவிடுகின்றது. காற்றும் புகாத அப்புளிப்பு நீரில் எதுவும் எளிதில் மக்குவதில்லை. மேலே பாசி வளர, கீழே இறந்த பாசி மக்காமல் படிந்துகொண்டே போகின்றது. அப்படிவையே பீட் என்பர்; முற்றா நிலக்கரி என்று நம் நூல்கள் கூறும். அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே உயரும். ஒரு மீட்டர் உயர ஓராயிரம் ஆண்டு! சோழர் தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிய காலத்தில் இறந்த பாசி, இன்று ஒரு மனிதனின் இடுப்பளவு ஆழத்தில் இருக்கும். அத்தகைய நிலத்தில் ஆயிரம் பேர் நடந்தால் வழி சேறாகும். அப்புண் ஆற நெடுங்காலம் ஆகும். நம் கால்களிலிருந்து சதுப்பைக் காக்கவே அப்பலகைகள் போடப்பட்டிருக்கின்றன. நம் கால் நனையாமல் இருப்பது அதனால் வரும் உபரி நன்மை.

பலகையின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தால், செந்நிற மயிர்களின் நுனியில் பனித்துளி ஏந்திய சிறு செடிகள் தென்படும். துளியின் ஒளியை நாடி வரும் பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும். இலை மெல்ல மூடி அதை உண்டுவிடும். வளமற்ற நிலத்தில் வாழும் செடி தனக்கு வேண்டிய உரத்தை இவ்வாறு தேடிக்கொள்கின்றது. நம் மருத்துவ நூல்கள் அழுகண்ணி என்று அழைப்பது இக்குலத்துச் செடியைத்தான். நீலகிரியின் ஈரப் புல்வெளிகளிலும் இதன் உறவினர் உண்டு. அத்தை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏழைச் செடியானாலும் சாமர்த்தியசாலி" என்றார்.

வெட்டிய வாய்க்காலும் மூடிய வாய்க்காலும்

சதுப்பைப் பின்லாந்து மக்கள் என்றும் இவ்வாறு போற்றினர் என்று எண்ணிவிடலாகாது. ஒரு காலத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேர் சதுப்பு இருந்தது. அதில் பாதிக்கு மேல் வாய்க்கால் வெட்டி நீர் வடிக்கப்பட்டுவிட்டது. பெரும்பகுதி 1960களிலும் 1970களிலும் நடந்த வேலை. அதைப் பழித்துவிடுவது எளிது. காரணத்தையும் எண்ண வேண்டும். 1944இல் போரின் முடிவில் கரேலியா என்னும் பகுதியைச் சோவியத் நாட்டிடம் இழந்தபோது, 4 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடுவாசல் துறந்து வந்தனர். அவர்களில் சிலர்க்குக் கிடைத்தது சதுப்பு நிலமே. அதைத் திருத்தித்தான் அவர்கள் வாழ வேண்டியிருந்தது. பின்னர் மரமே நாட்டின் செல்வம் என்றானபோது, நீரை வடித்தால் மரம் விரைந்து வளரும் என்று அரசும் பொருள் உதவி செய்தது. பசித்தவனுக்குச் சதுப்பு வெறும் சேறு.

இழந்தது இன்னதென்பது பின்னரே தெரிந்தது. பறவைகள் குறைந்தன, ஆறுகள் கலங்கின. நீர் வடிந்த பீட் காற்றுப் பட்டு மக்கி, ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கரியை வானில் விட்டது. இப்பொழுது காப்புக் காடுகளில் பழைய வாய்க்கால்களை மண்ணிட்டு அடைத்து, நீரை மீண்டும் நிறுத்துகின்றனர். நூக்சியோவிலும் அவ்வேலை நடந்திருக்கின்றது. தந்தையர் கூலி வாங்கிக்கொண்டு வெட்டிய வாய்க்காலைப் பிள்ளைகள் கூலி வாங்கிக்கொண்டு மூடுகின்றனர். பாசி திரும்பி வருகின்றது. ஆனால் போன பீட் திரும்ப எத்தனை நூற்றாண்டுகள் வேண்டும்!

பழம் யாருடையது?

பாதையின் இருமருங்கும் முழங்கால் உயரச் செடிகளில் பழங்கள். கருநீல முஸ்திக்கா முடியும் தறுவாயில் இருந்தது. செந்நிறப் புவோலுக்கா பழுக்கத் தொடங்கியிருந்தது. சதுப்பில் விளையும் பொன்னிற லாக்கா ஜூலை மாதத்தோடு முடிந்துபோயிருந்தது. அப்பழத்தைக் காணாதவர் பின்லாந்தின் 2 யூரோ நாணயத்தைப் பார்க்கலாம். அதில் பூவோடும் பழத்தோடும் அது பொறிக்கப்பட்டிருக்கின்றது. 1 யூரோ நாணயத்தில் பறக்கும் இரு அன்னங்கள். நூக்சியோ என்னும் பெயரே அன்னத்தைக் குறிக்கும் பழைய சாமிச் சொல்லிலிருந்து வந்தது என்பர்.

கூடையோடு வந்த மூதாட்டி ஒருவர் பேத்தியுடன் பழம் பறித்துக்கொண்டிருந்தார். எங்கள் சிறுவர்களும் கை நீட்டினர். அத்தை தடுத்தார். "யாருடைய தோட்டமோ! கேட்காமல் பறிக்கலாகாது" என்றார். அம்மூதாட்டிக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் விலகிய கையும் தயங்கிய முகமும் விளங்கிவிட்டன. ஒரு பிடி பழத்தை அள்ளிச் சிறுவன் கையில் வைத்து, செடிகளைச் சுட்டி, பிறகு எங்கள் எல்லாரையும் சுட்டிக் காட்டினார். உங்களுடையவையும்தான் என்பது அதன் பொருள்.

அது அவருடைய தயை மட்டுமன்று, அந்நாட்டின் வழக்குமாகும். காடு எவருடையதாயினும், அதில் எவரும் நடக்கலாம், சறுக்கிச் செல்லலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். உடையவரின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்குமான உரிமை என்று அதற்குப் பெயர். தனிச் சட்டம் ஒன்றினால் வந்ததன்று. நெடுநாள் வழக்கும் பல சட்டங்களும் சேர்ந்து அமைந்தது. எங்களை மிகவும் கவர்ந்தது யாதெனில், அவ்வுரிமைக்குக் குடியுரிமை தேவையில்லை என்பதே. அந்நாட்டில் பிறந்தவருக்கும் நேற்று வந்து இறங்கியவருக்கும் அது ஒன்றே.

உரிமை உண்டென்றால் வரம்பும் உண்டு. வீட்டு முற்றத்தில் நுழையலாகாது, பயிரை மிதிக்கலாகாது, பச்சை மரத்தின் கிளையை ஒடிக்கலாகாது, பாசியைப் பெயர்க்கலாகாது, விலங்கையும் கூட்டையும் குலைக்கலாகாது. பிறர் நிலத்தில் தீ மூட்ட உடையவரின் இசைவு வேண்டும். தேசியப் பூங்காவில் வரம்பு இன்னும் இறுக்கம். தீ மூட்டக் குறித்த இடம், கூடாரம் அடிக்கக் குறித்த இடம். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாள்களில் திறந்த வெளியில் தீயே கூடாது. குப்பைத் தொட்டி எங்கும் இல்லை. கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

இந்த நல்ல வழக்கிலும் ஒரு நிழல் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. பழம் பறிக்கும் உரிமை அயலார்க்கும் உண்டு என்பதைப் பயன்படுத்தி, வணிகர்கள் ஆண்டுதோறும் கோடையில் தாய்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை மக்களைப் பழம் பறிக்க வரவழைத்தனர். அவர்களுள் பலர் கடன்பட்டு வந்து, நாள் முழுதும் உழைத்து, கைப்பொருளின்றித் தவித்தமை அண்மை ஆண்டுகளில் நீதிமன்றங்கள்வரை சென்றது. எல்லாருக்கும் திறந்த காட்டில்கூட ஏழையின் உழைப்பைச் சுரண்டுவோர் புகுந்துவிடுகின்றனர். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கும் குடும்பங்கள் இதை எளிதில் உணரும்.

நமக்கு ஒரு சிந்தனை

நம் நாட்டோடு ஒப்பிடாமல் இருக்க எங்களால் இயலவில்லை. ஆங்கில அரசு 1927இல் இயற்றிய வனச் சட்டம் காட்டை அரசின் உடைமையாகவும், அதில் கால் வைப்பவரைக் குற்றவாளியாகவும் கருதியது. காட்டிலேயே தலைமுறையாக வாழ்ந்தவர்க்குத் தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமை உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனினும் பின்லாந்தின் வழக்கை அப்படியே இங்கே கொணரலாம் என்று கூறுவது பேதைமை. அங்கே 56 லட்சம் பேர். இங்கே 140 கோடி. நம் காட்டுக்குக் காவல் வேண்டும். நாம் அங்கிருந்து கொண்டுவரத் தக்கது அந்தப் பலகைப் பாதையில் கற்கும் பழக்கம்: வழியை விட்டு விலகாமை, எதிரே வருபவர்க்கு ஒதுங்கி நிற்றல், கொண்டுபோன காகிதத்தைத் திரும்பக் கொணர்தல், சற்றே வாய் மூடியிருத்தல். அவர்களுக்குக் காவலாளி தேவைப்படாமல் இருப்பது இப்பழக்கத்தால்தான்.

செல்ல விரும்பும் அன்பர்க்குச் சில குறிப்புகள். பழமும் காளானும் ஒருங்கே கிடைக்கும் ஆகஸ்டு இறுதியும் செப்டம்பர் மாதமும் நல்ல காலம். ஜூன், ஜூலையில் கொசுத் தொல்லை மிகுதி. உண்ணி கடிக்கும் ஆதலால் முழுக்கால் உடை அணிக. மாலையில் பிள்ளைகளின் உடலைப் பார்த்துவிடுக. மழையில் பலகை வழுக்கும். காளானை அறியாதவர் தொடவே வேண்டா. முஸ்தலம்பியின் அருகில் தீ மூட்டும் இடம் உண்டு. விறகைப் பூங்காவினரே தருகின்றனர். மற்றவர் அங்கே இறைச்சிக் குழல்களை வாட்டுவர். நாங்கள் எலுமிச்சஞ்சாதம் உண்டோம். பரந்த சதுப்பைக் காண விழைவோர் தொர்ரொன்சுவோ தேசியப் பூங்காவிற்குச் செல்லலாம். 1990இல் நிறுவப்பட்ட அதில் பீட் சில இடங்களில் 12 மீட்டர்வரை ஆழம்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. டில்லியில் ரிட்ஜ் காடு உண்டு. மும்பையில் போரிவிலிக் காடு உண்டு. வாடகை வீட்டில் வளரும் நம் பிள்ளைகள், இருக்கும் ஊரின் மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லி அறிந்தால், அவ்வூரில் அவர்கள் அயலாராக இருக்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்லுங்கள். 2 கிலோமீட்டர் போதும்.